நாலு மூலையும் வெட்டிய அட்டை

போன மாதம் எங்கள் கல்லூரியில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளை அழைத்து ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் விரிவுரையாளர், பேச்சுகள் நடந்துகொண்டிருக்கும்போதே கைபேசியில் தன் வகுப்புக்கு ஒரு தேர்வு வைத்தார். அது தானாகவே திருத்திக்கொண்டது. மதிப்பெண்ணும் தானாகவே போய்ச் சேர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல இந்த டெக்னாலஜி தொல்லையெல்லாம் இல்ல மேடம், நிம்மதியா இருந்திருப்பீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுபதுகளில் அந்தக் கல்லூரியின் டெக்னாலஜியே நான்தான். தொல்லையும் நான்தான். அன்றைக்கு மேடையில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பொருளாதாரம் நடத்தினேன். இயந்திரங்களுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒருநாள் துறைக் கூட்டத்தில் எங்கள் தலைவி எஸ்தர் அம்மாள், "புதுமுறைக் கற்பித்தல் பயிற்சிக்கு யார் போறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கீழே விழுந்த பேனா மூடியைத் தேடி மேசைக்கு அடியில் இருந்த நான், அது கிடைத்த சந்தோஷத்தில் அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கினேன். "கோமதி போறா" என்று எழுதிக்கொண்டார்.

அடையாறில் ஒரு கோடை விடுமுறையில் ஆறு வாரம் பயிற்சி. ஃபிளானல் பலகையில் படம் ஒட்டுவது, கண்ணாடித் தாளில் எழுதி ஓவர்ஹெட் புரொஜெக்டரில் காட்டுவது, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வித்தாள் தயாரிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் எதையும் இரண்டு தடவை சொல்லுவார். "திருத்தும் அட்டையில் மேல் வலது மூலையை மட்டும் வெட்டுங்கள். மேல் வலது மூலையை மட்டும்." நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, அதைச் சுற்றி ஏழு புள்ளிக் கோலம் ஒன்று போட்டேன். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, மார்கழி முழுக்கத் தெருவை அடைத்துக் கோலம் போட்ட கை. சும்மா இருக்காது. வலது பக்கம் ஒரு வளைவு போட்டால் இடது பக்கமும் ஒன்று போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதிதான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது.

பயிற்சி முடிந்து நான் முதலில் அரங்கேற்றியது புரொஜெக்டரை. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் எங்கள் அட்டெண்டர் கன்னியப்பன். "இன்னாம்மா இது, இந்தக் கனம் கீது? உள்ள இன்னா அம்மிக்கல்லா வச்சிக்கீறாங்கோ?" என்று கேட்டுக்கொண்டே மாடிக்குக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய பதினான்கு கண்ணாடித் தாள்களையும் மேசையில் வரிசையாக அடுக்கினேன். பாடத்தை ஆரம்பித்தேன். வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போட்டேன். பதினான்கும் பறந்தன. பிடித்த இரண்டைக் காட்டிப் பாடம் நடத்தினேன். சுவரில் என் சுட்டுவிரல் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அன்று மாணவிகள் கற்றுக்கொண்டது, மிஸ் நகம் கடிப்பாள் என்பதைத்தான்.

இதையெல்லாம் எஸ்தர் அம்மாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. மேசையில் ஒரு பித்தளை மணி, கூராகச் சீவிய பென்சில் ஒன்று, ஒரு ரப்பர், அவ்வளவுதான். எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுப்பார்: "நிச்சயமா?" அதற்கு விளக்கம் கிடையாது. நாம் போய் மறுபடியும் பார்த்து, சரியாக இருந்தால் பக்கத்தில் "நிச்சயம்" என்று எழுதி, திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பல பேர் பயந்து பென்சிலால் எழுதுவார்கள். நான் எப்போதும் மசியில்தான் எழுதுவேன். அப்படி ஒரு திமிர்.

அந்த வருஷம் பி.ஏ. சேர்ந்தவர்களில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். அப்பா ஆறுமுகம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி. நகரில் சேலைக் கடை வைத்திருந்தார். அட்மிஷன் அன்றைக்கே எஸ்தர் அம்மாளிடம் என் முன்னால் சொல்லிவிட்டார்: "அவ மாமன் மகன் ஊருல ரெடியா இருக்கான்ம்மா. பிள்ள படிக்கணும்னு மூணு நாளா சாப்பிடல, அதனால கொண்டாந்து விட்டிருக்கேன். ஒரு பரீட்சையில தவறினாலும் நிறுத்திருவேன். வீட்டுல அப்படித்தான் பேச்சு." பேச்சியம்மாள் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பிலும் அப்படித்தான். வாயே திறக்க மாட்டாள், ஆனால் எழுதக் கொடுத்தால் பத்திக்குப் பத்தி தெளிவாக எழுதுவாள்.

பருவத் தேர்வு வந்தது. இந்தத் தடவை கட்டுரைக் கேள்வியே வேண்டாம், ஐம்பது கேள்வியும் புதுமுறையில் இருக்கட்டும், ஒரே மணி நேரத்தில் வகுப்பையே திருத்திக் காட்டுகிறேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். விடைத்தாளை நானே வரைந்து சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்தேன். வழக்கமாகக் கேள்வி எண் இடது ஓரத்தில் இருக்கும், அதற்கு வலப்பக்கம் நாலு கட்டங்கள். எனக்கு அது ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரிப் பட்டது. எண்களையெல்லாம் தாளின் நடுவில் இரண்டு வரிசையாக இறக்கி, இந்தப் பக்கம் இருபத்தைந்து கேள்விக்கும் அந்தப் பக்கம் இருபத்தைந்து கேள்விக்கும் கட்டங்களை விரித்தேன். கோலமேதான். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

அப்புறம் திருத்தும் அட்டை. விடைத்தாள் அளவுக்கு ஒரு தடித்த அட்டை. சரியான விடைக்கு நேராக மட்டும் அதில் ஓட்டை குத்தியிருக்கும். மாணவியின் தாள்மேல் அதை வைத்தால், ஓட்டைக்குள் எத்தனை பெருக்கல் குறி தெரிகிறதோ அத்தனை மதிப்பெண். நான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுத்தியலும் குத்துளியுமாகத் தட்டினேன். என் கணவர், "காலேஜை ஆத்துக்கே தூக்கிண்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளோடு வாசலுக்குப் போய்விட்டார். குத்தி முடித்துப் பார்த்தால் மேல்பக்கம் முழுக்கப் பென்சில் அடையாளங்கள், அழுக்கு. மறுபக்கம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சென்ற பக்கத்தில் பாடம், வகுப்பு, தேர்வு எல்லாம் சிவப்புக் கோடு போட்ட லேபிளில் எழுதி ஒட்டினேன். மேல் வலது மூலையைக் குத்துவதற்கு முன்பே வெட்டியிருந்தேன். ஒரு மூலை மட்டும் மொட்டையாக, பார்க்கச் சகிக்கவில்லை. நாலு மூலையையும் வெட்டி வளைத்துவிட்டேன்.

ஒரு மூலையை மட்டும் ஏன் வெட்டச் சொன்னார்கள்? அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. அதைப் பயிற்சியாளர் இரண்டு தடவை சொன்னார். அப்போது நான் கோலத்தில் எட்டாவது புள்ளி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டுத் தாள்கள். கன்னியப்பன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, நான் லேபிள் தெரிகிற பக்கத்தை மேலே வைத்து, எண்ணி எண்ணிப் போட்டேன். சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மதிப்பெண்கள்தான் பரிதாபம். ஐம்பதுக்கு இருபதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. அதிலும் வேடிக்கை, கெட்டிக்காரிகள் எல்லாரும் எட்டு, ஒன்பது என்று அடியில் கிடந்தார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிற ஹேமா பத்தொன்பது வாங்கி முதலிடம்.

கன்னியப்பன் பட்டியலை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது? நல்லா படிக்கிற பொண்ணுங்கோ அல்லாம் அடியில கீது, தூங்குற பொண்ணு மேல கீது. எங்கியோ ஏதோ தலைகீழா ஆயிக்கினு கீதும்மா" என்றார். நான் சிரித்தேன். "கன்னியப்பா, இத்தனை நாள் மனப்பாடம் பண்ணி ஏமாத்தினவங்க இப்பதான் மாட்டியிருக்காங்க. இதுதான் இந்த முறையோட பெருமை" என்று விளக்கினேன். அவர், "அப்போ சரிம்மா" என்று டீ குடிக்கப் போனார். முழுக் கல்லூரியிலும் உண்மை தெரிந்த ஒரே மனிதர் அப்படி டீ குடிக்கப் போய்விட்டார்.

எல்லோரையும் தோல்வி என்று போட முடியாது. மதிப்பெண்கள் தாழ்ந்தால் தேர்ச்சி எல்லையையும் தாழ்த்தலாம் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு எடுத்தால் தேர்ச்சி என்று வைத்தேன். பேச்சியம்மாளுக்கு எட்டு. பட்டியலை எஸ்தர் அம்மாளிடம் கொடுத்தேன். வெகுநேரம் படித்தார். பேச்சியம்மாள் பெயருக்கு நேராகப் பென்சிலால் எழுதினார்: "நிச்சயமா?" நான் அறைக்குப் போய் அந்தத் தாள்மேல் மறுபடி அட்டையை வைத்தேன். மறுபடியும் எட்டு. "நிச்சயம்" என்று மசியில் எழுதிக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. பெற்றோர்களுக்கு உடனுக்குடன் தகவல் போக வேண்டும் என்பது என் இன்னொரு புதுமை. ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் மதிப்பெண்ணைத் தபால் கார்டில் அனுப்பினேன்.

மறுநாள் பேச்சியம்மாள் என் அறை வாசலில் நின்றாள். "மிஸ், என் பேப்பர இன்னொரு தடவ பாப்பீங்களா?"

அவள் கண்ணெதிரே அட்டையை வைத்தேன். எட்டு.

"பாத்தியா? இந்த அட்டைக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

"அட்ட இல்லாம, கேள்வியப் படிச்சு கையால பாக்க முடியாதா மிஸ்?"

"அது பழைய முறைம்மா" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. தாளைப் படித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவள் அழவில்லை. "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சாப்பிடப் போனேன், நன்றாகவே சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து எஸ்தர் அம்மாளின் அறையிலிருந்து ஆள் வந்தது. பேச்சியம்மாளின் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேசையில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய விண்ணப்பம். சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் சண்டை போடவில்லை, களைத்துப்போன மாதிரி இருந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல டீச்சரம்மா" என்றார். கேள்வித்தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். "பிள்ள எனக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டினா. வெலயக் கொறச்சா வாங்குறவங்க கூடுவாங்களா கொறைவாங்களான்னு ஒரு கேள்வி. ஆடி மாசம் கடையில உக்காந்து வளந்த பிள்ள இதத் தப்பா எழுதுமா?"

"விளக்கிச் சொல்லு கோமதி, அவருக்குப் புரியற மாதிரி" என்றார் எஸ்தர் அம்மாள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. விளக்கிச் சொல்வது என் தொழிலாயிற்றே. தாளை வைத்தேன், மேலே அட்டையை வைத்தேன், ஓட்டை, குறி, எண்ணிக்கை, பாரபட்சமின்மை என்று பேசிக்கொண்டே போனேன். அவர் நான் பேசியதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அட்டையைக் கையில் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடையில் துணி வந்திறங்கினால் செய்கிற பழக்கம்.

"இது பின்பக்கம்லா?" என்றார்.

"இல்லைங்க. இதான் முன்பக்கம். லேபிள் ஒட்டியிருக்கே."

"லேபிள எங்க வேணும்னாலும் ஒட்டலாம் டீச்சரம்மா. எங்க கடையிலயும் ஆளுங்க பின்பக்கத்துல ஒட்டிருவாங்க. அதுக்காகத் துணி திரும்பிக்கிடுமா? ஓட்ட குத்துன பக்கம் வழுவழுன்னு இருக்கும், மறுபக்கம்தான் பிசிறு நிக்கும். வெரல வச்சுப் பாருங்க."

எஸ்தர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரலை வைத்தார். அட்டையை என் பக்கம் நகர்த்தினார். நான் வைத்தேன். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சொரசொரவென்று பிசிறு. நான் லேபிள் ஒட்டிய அந்தப் பளிச்சென்ற பக்கம் பின்பக்கம்தான்.

அட்டையைத் திருப்பி வைத்தேன். ஓட்டைக்கு ஓட்டை பேச்சியம்மாளின் பெருக்கல் குறி எட்டிப் பார்த்தது. எண்ணினேன். நாற்பத்தேழு. வழக்கமான தாளாக இருந்தால், திருப்பிப் போட்ட அட்டையின் ஓட்டைகள் கட்டத்துக்கு நேராக விழுந்திருக்காது, வெட்டிய மூலையும் காட்டிக் கொடுத்திருக்கும். அத்தனை வழியையும் நானே அழகு பார்த்து அடைத்துவைத்திருந்தேன். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. என் கோலப் பைத்தியத்தால் ஒரு பெண்ணின் படிப்பு போகப்போகிறது. "தப்பு என்னோடதுங்க. முழுக்க என்னோடது" என்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "நாப்பத்தேழா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு, "உங்க கார்டு வந்த அன்னைக்கே மச்சினனுக்குக் கடுதாசி போட்டுட்டேனேம்மா. அவங்க நாள் பாத்துட்டாங்க. இப்ப என்னத்தச் சொல்ல?" என்றார்.

எஸ்தர் அம்மாள் பித்தளை மணியைத் தட்டினார். "பேச்சியம்மாளக் கூப்பிடு" என்றார் கன்னியப்பனிடம்.

அவள் வந்து அட்டையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், நான் சிவப்புப் பென்சிலால் புதிதாக எழுதிய நாற்பத்தேழைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்லுவேன். அப்பாவிடம்தான் பேசினாள்.

"அப்பா, பின்பக்கத்துல லேபிள் ஒட்டி வித்த சேலைய யாராச்சும் திருப்பிக் கொண்டாந்தா என்ன செய்வீய?"

"மாத்திக் குடுப்பேன்."

"பில்லு போட்டாச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதும்பீயளா?"

அவர் மகளையே பார்த்தார். அந்த அளவுக்கு அவள் பேசி அவரும் கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. மேசையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னொரு கடுதாசி எழுதுதேன். மச்சினன் கத்துவான். கத்தட்டும்" என்று எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மகளிடம், "வகுப்புக்கு நேரமாகலியா? போ" என்றார்.

அவர்கள் போனபின் எஸ்தர் அம்மாள் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்தார். ரப்பரால் தன் "நிச்சயமா?"வை மெதுவாக அழித்து, துகளை ஊதினார். "என் கேள்விய அழிச்சுட்டேன் கோமதி. உன் பதில அழிக்க முடியல. இங்க்ல எழுதியிருக்க" என்று பட்டியலை என்னிடமே கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஐம்பத்தெட்டு வீட்டுக்கும், சைக்ளோஸ்டைல் இல்லாமல், தப்பு என்னுடையது என்று என் கையால் கடிதம் எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு. எழுதினேன். அசோக் நகரிலிருந்து ஒரு அப்பா, 'உங்கள் புதிய முறை நீடூழி வாழ்க' என்று பதில் போட்டார். கிண்டலா வாழ்த்தா என்று இன்றுவரை தெரியாது.

எல்லாத் தாளையும் மறுபடி திருத்தினேன். ஹேமாவின் மதிப்பெண் மட்டும் மாறவில்லை. அட்டையை எப்படிப் போட்டாலும் பத்தொன்பது. முன்பு முதலிடம், இப்போது கடைசி. கூப்பிட்டுக் கேட்டேன். "கேள்வியப் படிக்கவே இல்ல மிஸ். தாளைப் பாத்தா கோலம் மாதிரி அழகா இருந்துது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்றாப்பல குறி போட்டுக்கிட்டே போனேன்" என்றாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினால்தான் என்ன? அந்த வகுப்பில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, போ என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகும் பல வருஷம் நான்தான் புதுமுறைப் பொறுப்பு. ஒவ்வொரு அட்டையிலும் மேல் வலது மூலையை மட்டும் வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் மற்ற மூன்று மூலைகளும் என்னைப் பார்த்து, 'எங்களை வெட்டலியா?' என்று கேட்ட மாதிரியே இருக்கும். கத்தரிக்கோலை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். அட்டை வைக்கிற முன்னால் பத்துத் தாளையாவது படித்துப் பார்த்தேன், பழைய முறையில்.

பேச்சியம்மாள் பி.ஏ. முடித்து எம்.ஏ. சேர்ந்த வருஷம், தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க தி. நகர் போனேன். எத்தனையோ கடை இருந்தும், மனசு கேட்காமல் ஆறுமுகம் அவர்கள் கடைக்கே போனேன். கூட்டத்தில் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "டீச்சரம்மாவுக்கு நானே காட்டுதேன்" என்று ஆட்களை விலக்கிவிட்டுத் தானே பாயில் உட்கார்ந்தார். மச்சினன் மகனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாம். பிள்ளைக்கு மறுநாள் பரீட்சையாம், மாடியில் படித்துக்கொண்டிருக்கிறாளாம்.

பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சேலைகளை வெறுமனே விரித்துப் போட்டார்கள். எனக்கு மட்டும் அவர் ஒவ்வொரு சேலையையும் விரித்து, "இது முன்பக்கம் டீச்சரம்மா" என்று சொல்லி, பிறகு திருப்பி, "இது பின்பக்கம்" என்று காட்டினார். கடை ஆட்கள் காரணம் புரியாமல் பார்த்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை, கண்ணில் மட்டும் இருந்தது. நானும், அவர் எடுத்துப் போட்ட முப்பது சேலையையும் இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்தேன்.